எத்தனை டன் என்று கேட்டதுதான் முதல் தவறு

எங்கள் நிறுவனம் வாடகைக் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தபோது, கூட்ட அறைக்கு ஏசி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபத்திரண்டு பேர் அமரக்கூடிய அறை அது. பார்க்க வந்தவர் நீள அகலத்தை அளவுநாடாவால் அளந்துவிட்டு, நான்கு டன் போதும் என்றார். முக்கியமான கூட்டம் நடக்கும் நாளில் குளிர் போதாமல் போனால் பழி என் தலையில் விழுமே என்ற அச்சத்தில், “எதற்கும் ஆறு டன்னாகவே போட்டுவிடுங்கள்” என்று நானே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, பெரிய இயந்திரத்தைக் கேட்டு வாங்குகிறவனிடம் யார்தான் மறுப்பார்கள்?

அறை பத்தே நிமிடங்களில் சில்லிட்டது. ஆனால் சில வாரங்களுக்குள் மேசைமேல் வைத்த காகிதங்கள் நமுத்துப் போகத் தொடங்கின. நாற்காலித் துணியிலிருந்து பூஞ்சை வாடை கிளம்பியது. உள்ளே அமர்ந்தவர்கள், குளிரவும் செய்கிறது, கசகசவென்றும் இருக்கிறது என்று ஒரே மூச்சில் இரண்டு புகார்களைச் சொன்னார்கள். ஒரு நாள் மதியம், ஆறு பேர் மட்டுமே இருந்த ஒரு கூட்டத்தில், பேச்சில் மனம் செல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜன்னலுக்கு வெளியே இருந்த கம்ப்ரசரின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் ஓடியது, ஒன்பது நிமிடம் நின்றது. மறுபடியும் நான்கு, மறுபடியும் ஒன்பது.

ஏசி செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, காற்றின் வெப்பத்தைக் குறைப்பது; மற்றொன்று, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பது. ஈரமானது காயில் என்ற குளிர்ந்த குழாய்ச்சுருளின் மேல் நீராகப் படிந்து, துளிகளாகத் திரண்டு, வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டுமானால் கம்ப்ரசர் நிதானமாக, நீண்ட நேரம் ஓட வேண்டும். அளவுக்கு மீறிய இயந்திரமோ வெப்பநிலையைச் சட்டென்று இறக்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் உடனே கம்ப்ரசரை நிறுத்துகிறது. விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்க, காயிலில் தேங்கிய ஈரம் அந்தக் காற்றோடு கலந்து அறைக்கே திரும்பிவிடுகிறது. அதிகப்படியாகக் கேட்டு வாங்கிய இரண்டு டன்தான் அந்த அறையைக் கெடுத்தது. இதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது சில ஆண்டுகள் கழித்து, சொந்தக் கட்டடத்துக்கான ஏசி அமைப்பைத் தேர்வு செய்யும் வேலை வந்தபோதுதான்.

புதிய கட்டடம் நான்கு தளங்கள் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 20,000 சதுர அடி. தரைத்தளத்தில் விற்பனைக்கூடம், அதற்கு மேல் இரண்டு தளங்களில் அலுவலகம், மேல்தளத்தில் 120 பேர் அமரும் பயிற்சிக்கூடம், அதன் ஓரத்தில் ஒரு சிறிய சர்வர் அறை. மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி கேட்டேன். முதலாமவர் 133 டன் என்றார், இரண்டாமவர் 110 என்றார், மூன்றாமவர் 84 என்றார். ஒரே கட்டடத்துக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வரும் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். முதலாமவர், “சதுர அடியை 150-ஆல் வகுத்தோம் சார், எப்போதும் அப்படித்தான்” என்றார். இரண்டாமவர் 180-ஆல் வகுத்துச் சற்றே முழுமையாக்கியிருந்தார். மூன்றாமவர், மற்ற இருவரும் சொன்னதை எப்படியோ தெரிந்துகொண்டு, விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே டன்னைக் குறைத்திருந்தார். மூவரில் எவரும் எங்கள் கட்டடத்தின் கண்ணாடி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேட்கவில்லை.

ஒரு டன் என்றால் என்ன என்றே அதுவரை நான் யோசித்ததில்லை. அது இயந்திரத்தின் எடை அல்ல. பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்திலிருந்து வந்த அளவு அது: அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம். மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அல்லது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஆகவே எத்தனை டன் என்ற கேள்விக்குப் பொருள், இந்தக் கட்டடத்துக்குள் எவ்வளவு வெப்பம், எந்த நேரத்தில், எந்த வழியாக நுழைகிறது என்பதே. தரைப் பரப்பு அந்த விடையின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

எந்த நிறுவனத்தின் இயந்திரத்தையும் விற்காத, கட்டணம் பெற்றுக்கொண்டு வடிவமைப்பு மட்டும் செய்து தருகிற ஒரு பொறியாளரை அமர்த்தலாம் என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னேன். விற்பவர்களே இலவசமாகக் கணக்குப் போட்டுத் தருகிறார்களே, இதற்குத் தனியாக ஏன் பணம் என்று எதிர்ப்பு எழுந்தது. 133-க்கும் 84-க்கும் இடையே இருக்கும் 49 டன்னைச் சுட்டிக்காட்டியே ஒப்புதல் பெற்றேன். வணிகக் கட்டடத்துக்கு ஏசி தேர்வு செய்கிற எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: கணக்குப் போடுபவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

அந்தப் பொறியாளர் முதல் நாளே கேள்விப் பட்டியலோடு வந்தார். எத்தனை பேர், எந்த நேரம் வருவார்கள், எப்போது போவார்கள், விளக்குகளின் மொத்த வாட் எவ்வளவு, கணினிகள் எத்தனை, கூரையின் மேல் வெயில் நேரடியாக விழுகிறதா, வாசல் கதவு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை திறக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. பழைய கட்டடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து ஆட்களை எண்ணினோம். அலுவலகத்தில் எண்பது நாற்காலிகள் இருந்தாலும், ஒரே நேரத்தில் ஐம்பத்தைந்துக்கு மேல் ஒருபோதும் நிரம்பவில்லை.

அவர் தந்த அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. ஒவ்வோர் அறையின் உச்ச வெப்பச்சுமையையும் தனித்தனியே கூட்டினால் 112 டன்; முழுக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் வரும் உச்சச்சுமை 87 டன். கிழக்குக் கண்ணாடியை ஒட்டிய அறைகள் காலை ஒன்பது மணிக்குக் கொதிக்கின்றன. மேற்கு அறைகளுக்கு அந்த நிலை மாலை நான்கு மணிக்கு வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பயிற்சிக்கூடம் நிரம்பும்போது அலுவலகத்தில் பலர் தங்கள் இருக்கையை விட்டு அங்கே போயிருப்பார்கள். அறைக்குள் தனி இயந்திரம் வைப்பதென்றால் அந்த அறையின் உச்சத்துக்கு வாங்கியே ஆக வேண்டும். பல அறைகள் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டால் கட்டடத்தின் உச்சத்துக்கு வாங்கினால் போதும். மைய அமைப்புக்கும் ஸ்பிளிட் ஏசிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது.

அடுத்து அவர் சொன்னது எனக்குப் புதிது: இயந்திரம் வாங்குவதற்கு முன்பு வெப்பம் வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்றார். மேற்குக் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போடுவதாக நாங்கள் திட்டமிட்டிருந்தோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை அதைத் தடுத்தாலும் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் செங்குத்துத் தகடுகளும் கூரைக்கு மேல் வெப்பத்தடுப்பும் சேர்த்ததில் 87 டன் 79 ஆகக் குறைந்தது. இந்த 8 டன், கட்டடம் நிற்கும் காலமெல்லாம் மின்சாரம் கேட்காது, சர்வீஸும் கேட்காது.

பயிற்சிக்கூடத்தின் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வியர்வையும் மூச்சும் சேர்த்து ஏறத்தாழ 130 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 120 பேருக்கு 15.6 கிலோவாட், அதாவது சுமார் நாலரை டன். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர்கள் மூச்சுவிட வெளிக்காற்று வேண்டும். ஒருவருக்கு நொடிக்கு 7.5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 900 லிட்டர். வெளியே 35 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்ற நிலையில் உள்ள காற்றை, உள்ளே 24 டிகிரி, 50 சதவீதம் என்ற நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 12 டன் தேவைப்படுகிறது. ஆட்களின் உடல்சூட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலாக, அவர்கள் சுவாசிக்கும் காற்றே சுமையாக வந்து நிற்கிறது. இந்த 12 டன்னை விலைப்புள்ளியிலிருந்து எடுத்துவிடுவது மிக எளிது. வெளிக்காற்றே விடாமல் உள்காற்றையே சுற்றவிட்டால் போதும். எங்களுக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டில் வெளிக்காற்று என்ற வரியே இல்லை.

வெளிக்காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பழைய கூட்ட அறையே சாட்சி. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை மேசைமேல் வைத்துக் கதவைச் சாத்தி, இருபத்திரண்டு பேரோடு கூட்டம் நடத்தினோம். தொடக்கத்தில் 600 பிபிஎம்-மாக (பத்து லட்சம் பங்கில் 600 பங்கு) இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் 2,000-ஐத் தாண்டியது. திறந்த வெளியில் அது 420 அளவில்தான் இருக்கும். மதியக் கூட்டங்களில் எல்லோரும் கொட்டாவி விடுவதற்குப் பேச்சாளரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், பாவம். புதிய பயிற்சிக்கூடத்துக்கு வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்ளே வரும் வெளிக்காற்றை முன்கூட்டியே குளிர்விக்கும் சுழல்சக்கரம் ஒன்றைச் சேர்த்தோம். அந்த 12 டன்னில் பாதிக்கு மேல் அதிலேயே மிச்சமானது. கரியமில வாயுவின் அளவைப் பார்த்து வெளிக்காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சென்சார் வைத்தோம். முப்பது பேர் மட்டும் வரும் நாளில் நூற்றிருபது பேருக்கான காற்றைக் குளிர்விப்பதில் பொருளில்லை.

எந்த வகை அமைப்பு என்ற கேள்விக்கு வந்தபோது, பொறியாளர் ஒரு கட்டம் போட்ட தாளில் நான்கு தளங்களையும் இருபத்து நான்கு மணி நேரத்தையும் எழுதி, எந்தத் தளம் எப்போது இயங்கும் என்று பென்சிலால் நிழலிடச் சொன்னார். அலுவலகம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. விற்பனைக்கூடம் பத்து முதல் இரவு ஒன்பது வரை, விடுமுறை நாட்களிலும். பயிற்சிக்கூடம் மாதத்தில் ஆறேழு நாட்கள். சர்வர் அறை எந்நேரமும். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், நான்கு தளங்களும் ஒன்றாக நிழலிடப்பட்ட நேரம் மிகக் குறைவாக இருந்தது. அந்தத் தாளுக்குப் பிறகு எங்கள் விவாதத்தின் போக்கே மாறியது. உச்சச்சுமையைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள், ஆண்டின் பெரும்பாலான மணி நேரங்களில் கட்டடம் பாதிச் சுமையில்தான் ஓடப்போகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை.

சில்லர்களை, அதாவது தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் பெரிய இயந்திரங்களை ஒப்பிடுவதற்கு, அமெரிக்காவின் ஏஹெச்ஆர்ஐ என்ற ஏசி உற்பத்தியாளர் சங்கம் வகுத்த ஐபிஎல்வி என்ற பகுதிச்சுமைத் திறன் அளவுகோலைப் பார்த்தால் இது தெளிவாகும். அதில் முழுச் சுமையில் இயந்திரம் காட்டும் திறனுக்குத் தரப்படும் எடை வெறும் 1 சதவீதம். 75 சதவீதச் சுமைக்கு 42, 50 சதவீதச் சுமைக்கு 45, 25 சதவீதச் சுமைக்கு 12. விற்பனைப் பிரதிநிதிகள் காட்டும் பளபளப்பான தாளில் முதலில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்துக்குரிய எண்தான். எந்த இயந்திரமாக இருந்தாலும் பாதிச் சுமையில் அதன் மின்நுகர்வு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வேகத்தைக் குறைக்கக்கூடிய விசிறிகளும் கம்ப்ரசர்களும் இங்கேதான் காசைத் திருப்பித் தருகின்றன. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது, ஏனென்றால் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது.

நிர்வாகக் குழுவில் ஒருவருக்குத் தண்ணீரில் குளிரும் சில்லர் மீது பெரும் விருப்பம் இருந்தது. அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. பெரிய கட்டடங்களுக்கு மின்சிக்கனத்தில் அதற்கு இணை கிடைப்பது அரிது. ஆனால் அதோடு வரும் கூலிங் டவர் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. உப்பு சேராமல் இருக்க அவ்வப்போது வெளியேற்றும் நீரையும் சேர்த்தால், ஒரு டன்னுக்கு மணிக்கு எட்டு ஒன்பது லிட்டர் போய்விடும். 79 டன், பத்து மணி நேரம் என்று பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஆறேழாயிரம் லிட்டர். தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்காத கட்டடத்தில் அது ஏசி வாங்கிய கதையாக இராது, தினமும் லாரியை எதிர்பார்க்கும் கதையாகிவிடும். தவிரவும், அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தனிக் கவனம் வேண்டும். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய மர்மக் காய்ச்சலை ஆராய்ந்தபோதுதான் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் கண்டறியப்பட்டது; பராமரிக்காத கூலிங் டவர் அதற்கு நல்ல விளைநிலம். எங்களிடம் அதற்கென்று ஆள் இல்லை. பல நூறு டன் தேவைப்படும், நாளெல்லாம் ஓடும், இயந்திர அறையில் ஆள் இருக்கும் கட்டடமாக இருந்திருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

காற்றில் குளிரும் சில்லருக்குத் தண்ணீர்ச் சிக்கல் இல்லை. ஆனால் இரவில் சர்வர் அறையின் 2 டன்னுக்காக 79 டன் அமைப்பின் பம்புகளை ஓட்டுவது, ஒரு கடிதத்தைக் கொண்டுபோகப் பேருந்தை எடுப்பது போன்றது. கடைசியில், ஒரே அமைப்பாக இருந்தால்தான் ஒழுங்கு என்ற எண்ணத்தையே கைவிட்டோம். அலுவலகத் தளங்களுக்கு விஆர்எஃப், 40 டன். விற்பனைக்கூடத்துக்குத் தனி டக்டபிள், அதாவது தகட்டுக் குழாய் (டக்ட்) வழியாகக் குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம், 17 டன். பயிற்சிக்கூடத்துக்கு வெளிக்காற்று ஏற்பாட்டோடு கூடிய தனி டக்டபிள், 20 டன். சர்வர் அறைக்கு 2 டன்னில் இரண்டு இயந்திரங்கள், ஒன்று ஓட ஒன்று காத்திருக்க, வாரம் ஒருமுறை முறைமாற்றி.

விஆர்எஃப் பற்றித் தெரியாதவர்களுக்காக: ஒரு வெளி யூனிட்டிலிருந்து மெல்லிய செப்புக் குழாய்கள் புறப்பட்டுப் பல உள் யூனிட்டுகளுக்குக் குளிர்பொருளை (நாம் கேஸ் என்று சொல்வது) கொண்டுசெல்லும், எந்த அறைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே போகும், மொத்தத் தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகம் மாறும். ஜப்பானின் டைகின் நிறுவனம் 1982-இல் இதை அறிமுகப்படுத்தியது. ஒவ்வோர் அறைக்கும் தனிக் கட்டுப்பாடு, பெரிய டக்ட் தேவையில்லை, பாதிச் சுமையில் நல்ல சிக்கனம் என்று நன்மைகள் பல. கவனிக்க வேண்டியவையும் உண்டு. குழாய் நீள நீளத் திறன் குறையும்; வெளி யூனிட் மொட்டைமாடியிலும் உள் யூனிட் கீழ்த்தளத்திலும் இருந்தால் அந்த உயர வேறுபாட்டுக்கும் வரம்பு உண்டு. பெயர்ப்பலகையில் உள்ள டன்னைப் பார்க்காமல், உங்கள் கட்டடத்தின் குழாய் நீளத்துக்கும் உங்கள் கோடை வெப்பத்துக்கும் திருத்திய டன்னைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்டபோது, பட்டியலில் 10 டன் என்றிருந்த இயந்திரம் உண்மையில் 8.7 ஆக இறங்கியது. முழு அமைப்பின் குளிர்பொருளும் ஒரு குழாய் வலையில் இருப்பதால், கசிவு ஏற்பட்டால் அவ்வளவும் ஒரு சிறிய மூடிய அறையில் சேரக்கூடும். எனவே மிகச் சிறிய அறைகளுக்கு அந்த அளவு பாதுகாப்பானதா என்று கணக்கிட வேண்டும்.

குளிர்பொருள் எது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆர்-410ஏ என்ற குளிர்பொருள் புவியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. ஆர்-32 என்ற மற்றொன்றுக்கு அது 675. மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் ஏற்கப்பட்ட கிகாலி திருத்தத்தின்படி உலக நாடுகள் இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்துவருகின்றன. பதினைந்து ஆண்டுகள் ஓட வேண்டிய இயந்திரத்தை வாங்கும்போது, பத்தாவது ஆண்டில் அதற்கான கேஸ் எளிதில் கிடைக்குமா என்பது வாங்குகிறவரின் கேள்வியாக இருக்க வேண்டும். ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது என்பதையும் சேர்த்தே யோசித்து முடிவெடுங்கள்.

பழுது வந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து நாங்கள் எடுத்த ஒரு முடிவு பின்னால் கைகொடுத்தது. ஒவ்வோர் அலுவலகத் தளத்துக்கும் பெரிய வெளி யூனிட் ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு வைத்து, உள் யூனிட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டிலும் இணைத்தோம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒரு யூனிட்டின் மின்னணுப் பலகை எரிந்துபோனது. மாற்றுப் பலகை வர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களும் தளம் முழுவதும் சற்றுப் புழுக்கமாக இருந்தது, ஆனால் வேலை நிற்கவில்லை. இணைப்பை வலப்பாதி, இடப்பாதி என்று பிரித்திருந்தால் ஒரு பாதி காலியாகியிருக்கும். ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை சர்வீஸ் என்பதைவிட, எந்த உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்ற வரியை எழுதி வாங்குவது முக்கியம்.

இனி நிறுவிய காலத்தின் கதை. நல்ல இயந்திரத்தை மோசமாகப் பொருத்தினால் மோசமான இயந்திரமே மிஞ்சும். குழாய் வேலை முடிந்து, நைட்ரஜன் அழுத்தச் சோதனையும் முடிந்து, வெற்றிடம் இழுக்கும் நாள் வந்தது. வெற்றிட அளவுமானி 500 மைக்ரானுக்கு (எஞ்சிய அழுத்தத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) கீழே இறங்கியதும் மேற்பார்வையாளர், “முடிந்தது சார், கேஸை விட்டுவிடலாமா?” என்றார். பம்பை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்போம் என்று பொறியாளர் தடுத்தார். நாங்கள் மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அந்தச் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 520, 610, 900. நாற்பது நிமிடத்தில் 1,800-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. உள்ளே ஈரம் மட்டும் இருந்தால் ஓர் அளவில் ஏற்றம் நின்றுவிடும். நிற்காமல் ஏறினால் எங்கோ காற்று புகுகிறது. மறுபடியும் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி ஒவ்வோர் இணைப்பாகத் தேடியதில், இரண்டாம் தளத்தில் ஓர் உள் யூனிட்டின் ஃப்ளேர் நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழும்பின. செப்புக் குழாயின் விரித்த விளிம்பில் மயிரிழை விரிசல். அன்று கேஸை ஏற்றி ஃபால்ஸ் சீலிங்கை மூடியிருந்தால், சில மாதங்களில் குளிர் குறைகிறது என்ற புகார் வந்திருக்கும். ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிக்கொண்டே இருந்திருப்போம்.

அடுத்தது நாங்களே செய்த பிழை. வெளி யூனிட்டுகள் தெருவிலிருந்து தெரியக் கூடாது என்று கட்டடக் கலைஞர் மொட்டைமாடியில் மூன்று பக்கமும் உயரச் சுவர் எழுப்பி, முகப்பில் தகட்டுச் சட்டமும் வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் கோடையில் மதியம் இயந்திரங்கள் திணறின. வெளியே 37 டிகிரியாக இருந்தபோது யூனிட்டின் காற்று உறிஞ்சும் பக்கத்தில் வெப்பமானியை வைத்தேன், 46 காட்டியது. வெளியே தள்ளிய சூட்டையே சுவருக்குள் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தன. யூனிட்டுகளை இரும்புத் தாங்கிகளில் ஏற்றி, மேல்முனை சுவரின் விளிம்புக்கு நிகராக வரச் செய்து, தகட்டுச் சட்டத்தைக் கழற்றிய பிறகு அந்த 46 என்பது 39-க்கு இறங்கியது. வரைபட நிலையிலேயே வெளி யூனிட்டின் இடத்தை ஏசிப் பொறியாளரும் கட்டடக் கலைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் இந்த இரட்டைச் செலவு வந்திராது.

வடிகுழாயை யாரும் மதிப்பதில்லை. அது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவாக இறங்க வேண்டும். நீண்ட தூரம் போனால் அந்தச் சரிவுக்கே சீலிங்குக்கு மேல் இடம் போதாமல் போகும். எங்கள் கணக்குப் பிரிவின் கோப்பு அலமாரிக்கு மேல் ஒரு குழாய் நடுவில் தொய்ந்து, அதில் நீர் தேங்கி, ஒரு திங்கட்கிழமை காலை மூன்று அடுக்குக் கோப்புகள் நனைந்து கிடந்தன. ஏணி போட்டு மட்டக்கட்டை வைத்துப் பார்த்தபோது குமிழி எதிர்ப்பக்கம் போய் நின்றது. சீலிங்கை மூடும் முன் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் அது முழுதாக வந்துசேர்கிறதா என்று பார்க்க அரைநாள் போதும். ஃபில்டரையும் வால்வையும் எட்டக்கூடிய அளவுக்குச் சீலிங்கில் திறப்புக் கதவுகளும் அப்போதே வைத்துவிட வேண்டும். கை நுழையாத இடத்தில் உள்ள ஃபில்டரை எந்த ஒப்பந்தம் போட்டாலும் யாரும் கழுவப்போவதில்லை.

விற்பனைக்கூடத்தில் மிச்சம் இருந்த சிக்கல் வாசல் கதவு. கூட்டம் அதிகமான நாட்களில் காவலர் கதவைத் திறந்தே வைத்து அதன் அடியில் ஒரு செங்கல்லைச் செருகிவிடுவார். 17 டன் இயந்திரம் தெருவையும் சேர்த்துக் குளிர்விக்கும். காற்றுத்திரை ஒன்றைக் கதவுக்கு மேல் பொருத்தினோம். ஓரளவு பலன் இருந்தது. தானாக மூடும் இரட்டைக் கதவு வைத்த பிறகே மின்கட்டணத்தில் வேறுபாடு தெரிந்தது. செங்கல் இப்போது மொட்டைமாடியில் கிடக்கிறது.

மூன்றாவது கோடையின் மிகக் கடுமையான நாளில், மாலை நான்கு மணிக்குக் கட்டுப்பாட்டுத் திரையைப் பார்த்தேன். அலுவலகத்தின் நான்கு வெளி யூனிட்டுகளும் 78 முதல் 85 சதவீதத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தன. 133 டன் என்று முதலில் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால், ஏறத்தாழ பாதி இயந்திரம் அன்றைக்கும் வேலையில்லாமல் நின்றிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குடிபுகுந்து ஓராண்டு கழித்து, இரண்டாம் தளத்தின் மேற்கு மூலையில் ஒரு மேலாளருக்காகக் கண்ணாடிக் கேபின் ஒன்றைத் தடுத்துக் கட்டினார்கள், என்னிடம் கேட்கவில்லை. குளிர்காற்று வரும் வாய்களில் ஒன்று கேபினுக்குள் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ தடுப்புச் சுவருக்கு வெளியே, மூன்று பேர் அமரும் பொது இடத்தில் மாட்டிக்கொண்டது. வெளியே இருப்பவர்களுக்குக் குளிர் போதும் என்று தெர்மோஸ்டாட் முடிவு செய்யும் ஒவ்வொரு மாலையும் உள்ளே இருப்பவருக்கு வியர்க்கிறது. சென்சாரை உள்ளே மாற்றினால் வெளியே உள்ள மூவருக்கும் குளிர் மிஞ்சிவிடும்; தனி யூனிட் போடக் குழாய் இழுக்க வேண்டும், அதற்குச் சீலிங்கை உடைக்க வேண்டும். அதற்கான ஒப்புதல் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் அவர் தம் கைக்காசில் ஒரு மேசை விசிறி வாங்கி வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைச் சற்று உரக்கவே சுழலவிடுகிறார்.